கொழும்பு–லண்டன் விமானம்: 1949இல் இருந்து நிற்காமல் ஓடுகிறதா?

வாவிக்கரையான் | மட்டக்களப்பு

கொழும்பு–லண்டன் விமானம் 1949இல் தொடங்கி இன்றுவரை நிற்காமல் ஓடுகிறது என்று நம் ஆட்களிடம் ஒரு கதை உண்டு. விடுமுறைக்கு வரும் லண்டன்காரர் பெருமையாகச் சொல்வார்கள். பாதி சரி. தடம் பழையதுதான். ஆனால் ஓட்டிய கம்பனி ஒன்றல்ல, நடுவில் நின்றும் போயிருக்கிறது. எனக்குத் தெரிந்ததைப் போடுகிறேன், மிச்சத்தை நீங்கள் நிரப்புங்கள்.

நாட்டின் அப்போதைய விமானக் கம்பனியான எயார் சிலோனின் முதல் பறப்பு 1947 டிசம்பர் 10. இரத்மலானையில் கிளம்பிய டகோட்டா விமானம் காங்கேசன்துறையில் இறங்கி, அப்புறம் மதராசுக்குப் போனது. அமைச்சராக இருந்த ஜோன் கொத்தலாவல முன்னுக்கு நின்று உருவாக்கிய கம்பனி. டகோட்டாக்களுக்கு சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவுக்குப் போய்வர அவை போதும், லண்டன் வியாபாரத்துக்குப் போதாது. அதனால் 1949இல் ஆஸ்திரேலியன் நெஷனல் எயார்வேஸ் 49 வீதப் பங்கோடு உள்ளே வந்தது. அவர்கள் கொண்டுவந்த நான்கு என்ஜின் டிசி-4 விமானங்கள்தான் ஒரு பக்கம் சிட்னிக்கும் மறுபக்கம் லண்டனுக்கும் பறந்தன. ஆக, முதல் லண்டன் விமானமே கூட்டு வியாபாரம்.

1953இல் அந்தக் கூட்டு முறிந்தது, லண்டன் பறப்பும் நின்றது. பிறகு டச்சுக்காரரின் கேஎல்எம் கைகொடுத்து, 1956இல் 'மகாதேவி' என்ற கொன்ஸ்டலேஷன் விமானத்தோடு மறுபடி தொடங்கினார்கள். நடுவில் போன வருசங்களை விட்டுவிட்டு 'நிற்காமல்' என்று எப்படிச் சொல்வது?

பழைய ஏஜன்சி | அரசடி

தம்பி நல்ல இழை திறந்திருக்கிறீர். நான் டிக்கட் எழுதிப் பிழைத்தவன், இதில் கொஞ்சம் பேசலாம்.

கேஎல்எம்முக்குப் பிறகு 1962இல் பிரிட்டனின் பிஓஏசி கம்பனி வந்தது. அவர்களின் கொமெட் ஜெட், பின்னர் விசி10. விமானமும் விமானியும் வெள்ளைக்காரனுடையது, வெளியே எயார் சிலோன் என்ற எழுத்து. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்களையும் விட்டு பிரான்சின் யூடிஏயோடு சேர்ந்து டிசி-8 எடுத்தார்கள். ஆஸ்திரேலியன், டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன் என்று நான்கு கை மாறியும் லண்டன் என்ற பெயர் மட்டும் பலகையில் இருந்தது.

அந்தக் காலத்து டிக்கட்டை இப்போதைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். செக் புத்தகம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு தாளின் பின்புறமும் சிவப்புக் கார்பன் பூசியிருக்கும், எழுதி முடித்தால் உள்ளங்கை ஓரம் முழுக்கச் சிவப்பு. ஊர்ப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இறங்கித் தங்கக்கூடாத ஊருக்கு முன்னால் ஒரு எக்ஸ் போட வேண்டும். பேனையை அமர்த்தி எழுதாவிட்டால் கடைசித் தாளில் எதுவும் விழாது.

இன்னொன்று. 1967 ஜூனில் சுயஸ் கால்வாய் மூடப்பட்டு 1975 வரை திறக்கவில்லை. மூடுவதற்கு முன்பு படிக்கப் போகிறவர்கள் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் ஏறித்தான் லண்டன் போனார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றும் கப்பலுக்காக யார் காத்திருப்பது? கட்டுநாயக்க புதிய சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டதும் அதே 1967தான். லண்டன் விமானத்தை லண்டன் விமானமாக்கியது அந்த வருசம் என்பேன்.

அக்கரைப்பற்றுத் தம்பி | அக்கரைப்பற்று

விமானப் பைத்தியம் ஒருவன் பேசுகிறேன், மூத்தவர்கள் பொறுக்கவும்.

எயார் சிலோனின் கோட் ஏஈ. இப்போது டிக்கட்டில் இருப்பது யூஎல். அது எயார் லங்காவுக்குக் கொடுத்த கோட். எயார் லங்கா 1979 செப்டம்பர் 1இல் பறக்கத் தொடங்கியது. சிங்கப்பூர் எயார்லைன்ஸிடம் குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707, நிர்வாகம் சொல்லிக்கொடுத்ததும் அவர்களே. எயார் சிலோன் அதற்கு முன்பே கடனில் மூழ்கிப் படுத்துவிட்டது. 1978 செப்டம்பர் 7இல் அவர்களின் அவ்ரோ விமானம் இரத்மலானையில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டதோடு இருந்த கொஞ்சமும் போச்சு. ஆகவே எயார் லங்காவின் இன்றைய பெயரான ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் வயதை 1979இல் இருந்துதான் எண்ண வேண்டும். 1949 என்பது தடத்தின் வயது. இரண்டையும் குழப்பக்கூடாது.

ஏறாவூர் நானா | ஏறாவூர்

எல்லாரும் லண்டன் லண்டன் என்கிறீர்கள். எங்கள் ஊரில் அந்தப் பிளேனுக்கு டுபாய்ப் பிளேன் என்றுதான் பெயர்.

எண்பதுகளில் எயார் லங்காவின் ட்ரைஸ்டார் விமானம் லண்டனுக்கு ஒரே மூச்சில் போகவில்லை. லண்டன் கெட்விக் நிலையத்தில் கிளம்பினால் சூரிச், டுபாய் என்று தொட்டுத்தான் கட்டுநாயக்க வரும். எங்கள் வாப்பா டுபாயில் கட்டட வேலை. அவர் ஏறும்போதே பிளேனில் பாதி நிரம்பியிருக்குமாம். லண்டனில் ஏறிய ஆட்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நல்ல நித்திரை. நம் ஆட்கள் நெஷனல் ரேடியோ கசெட்டைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு, மேலே தட்டில் டாங் டின்னும் கம்பளியும் திணிப்பார்கள். டுபாயில் காலியான சீட் அத்தனையும் எங்கள் ஆட்களால்தான் நிரம்பியது. ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடி, கல்முனை, சம்மாந்துறை.

அந்தச் சீட்டுக் காசு இல்லாமல் லண்டன் பிளேன் ஓடியிருக்குமா? சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை.

கல்லடி மீன்மகள் | கல்லடி, இப்போது ஹரோ

நானா சொல்வது சரி. ஆனால் 1994இல் எயார்பஸ் ஏ340 விமானம் வந்தபிறகு கதை மாறிவிட்டது. நேராக லண்டன் போவது வழக்கமாகி, வளைகுடாவுக்கு வேறு விமானம், எங்களுக்கு வேறு விமானம் என்று பிரிந்தது. நாங்கள் ஒரே ஊர்க்காரர் ஒரே விமானத்தில் சந்தித்த காலம் அதோடு சரி.

எங்களுக்குப் பறப்பது பெரிய காரியமில்லை, கட்டுநாயக்க போய்ச் சேருவதுதான். சண்டை நேரத்தில் மட்டக்களப்பில் இருந்து வருகிறவர்கள் ஒரு நாள், சிலர் இரண்டு நாள் முன்பே கொழும்புக்கு வந்துவிடுவார்கள். வெலிக்கந்தைப் பக்கம் இறக்கி, பெட்டியைத் திறந்து கொட்டி, திரும்ப அடுக்கச் சொல்வார்கள். அம்மா பொதி கட்டித் தந்த மிளகாய்த்தூளை ஆமிக்காரன் கம்பியால் குத்திப் பார்த்த துளையோடுதான் லண்டனில் பிரித்தேன். கொட்டாஞ்சேனையில் லொட்ஜ், பொலிசில் பதிவு, எங்கே போகிறாய் ஏன் போகிறாய் என்ற கேள்வி. விமானத்துக்குள் கதவைச் சாத்தின பிறகுதான் மூச்சு வரும்.

இப்போது? லண்டன் விமானம் யூஎல்503 மதியத்தை ஒட்டிக் கிளம்புகிறது. முதல் நாள் நடுச்சாமத்தில் வான் பிடித்தால் மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று விடியப் போய்ச் சேரலாம். அன்று இரவே லண்டன் ஹீத்ரோ நிலையம். எங்கள் அப்பாவிடம் சொன்னால் நம்பமாட்டார்.

காத்தான்குடி கணக்கன் | காத்தான்குடி

உணர்ச்சியை ஒரு பக்கம் வைப்போம். கொழும்பில் இருந்து லண்டன் ஏறக்குறைய 8,700 கிலோமீட்டர். போகும்போது எதிர்க்காற்று, பதினொரு மணி நேரம் அளவில் பறக்க வேண்டும். அத்தனை எண்ணெயையும் கொழும்பிலேயே ஏற்ற வேண்டும். எண்ணெயைச் சுமக்கவே எண்ணெய் எரியும். இடையில் டுபாயில் இறங்கினால் எண்ணெய்ப் பாரம் குறையும், சீட்டை இரண்டு தரம் விற்கலாம். நானா சொல்வது கணக்குப்படியும் சரி.

அப்படியிருக்க, நேராகப் பறப்பது ஏன்? வளைகுடாக் கம்பனிகள் டோஹாவிலும் டுபாயிலும் மாற்றி ஏற்றிக்கொண்டு மலிவாக விற்கின்றன. வயதான தாய் தகப்பன், கைக்குழந்தைக்காரர், மொழி தெரியாதவர் ஆகியோர் மட்டும் மாறி ஏறப் பயந்து நேர் விமானத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பார்கள். ஜூலை ஆகஸ்டில் நிரம்பி வழியும், மற்ற மாதங்களில்? அரசாங்கக் கம்பனி நட்டப்பட்டால் வரி கட்டுவது லண்டன்காரரா, காத்தான்குடிக் கடைக்காரரா?

கல்லடி மீன்மகள் | கல்லடி, இப்போது ஹரோ

கணக்கன் தம்பி, அந்த வயதான தாய் தகப்பனை 'மட்டும்' என்று தள்ளிவிட முடியாது. என் மாமி தனியாக வந்து போவது அந்த ஒரு விமானம் இருப்பதால்தான். டோஹாவில் கேட் மாற்றி அறிவிக்கும்போது அவருக்கு யார் சொல்வது? விமானத்தில் தமிழில் இரண்டு வார்த்தை பேசினாலே அவருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

அக்கரைப்பற்றுத் தம்பி | அக்கரைப்பற்று

நடுவில் ஒரு தகவல். எண்பதுகளில் எயார் லங்கா இரண்டு போயிங் 747 வைத்திருந்தது பலருக்கு ஞாபகமே இல்லை. ராணிகள் பெயர் போய் 'கிங் விஜய', 'கிங் திஸ்ஸ' என்று ராஜாக்கள் வந்தார்கள். சண்டையால் சுற்றுலா விழுந்த காலம், அவ்வளவு பெரிய விமானத்தை நிரப்ப ஆளில்லை. சில வருசத்திலேயே போய்விட்டன. ஆசைக்கும் அளவுக்கும் பொருத்தமில்லாத கொள்வனவு. பின்னாளில் ஏ350 ஓடர் கொடுத்து 2016இல் காசு கட்டி ரத்துச் செய்ததும் அதே வியாதிதான்.

பழைய ஏஜன்சி | அரசடி

ட்ரைஸ்டார் என்றால் 1986 மே 3ஐச் சொல்லாமல் விட முடியாது. கெட்விக், சூரிச், டுபாய் வழியாக வந்த யூஎல்512. கட்டுநாயக்கவில் நின்று மாலைதீவுக்குக் கிளம்ப இருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது வால் பக்கம் குண்டு வெடித்து விமானம் இரண்டாகப் பிளந்தது. 21 பேர் செத்தார்கள், பலர் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள். புறப்பாடு தாமதமாகாமல் இருந்திருந்தால் நடுவானில் வெடித்திருக்கும் என்றார்கள். அடுத்த நாளில் இருந்து எங்கள் கவுண்டருக்கு வந்தவர்கள் வேறு கம்பனி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

நெறியாளர்

1986 குண்டுவெடிப்பு, 2001 கட்டுநாயக்கத் தாக்குதல் இரண்டைப் பற்றியும் யார் செய்தது ஏன் செய்தது என்று நீண்ட சண்டை தொடங்கியிருந்தது. அந்தப் பதில்களை அரசியல் பகுதிக்கு மாற்றிவிட்டேன். இங்கே தடத்தைப் பற்றிப் பேசுங்கள்.

அக்கரைப்பற்றுத் தம்பி | அக்கரைப்பற்று

சரி, தடத்தோடு நிற்கிறேன். 2001 ஜூலை 24 கட்டுநாயக்கத் தாக்குதலில் கம்பனியின் விமானங்களில் ஏறக்குறைய பாதி எரிந்தோ சேதப்பட்டோ போயின. அவ்வளவு அடியிலும் லண்டனைக் கைவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அது எமிரேட்ஸ் காலம். 1998இல் பத்து வருச நிர்வாக ஒப்பந்தத்தோடு பங்கு வாங்கினார்கள், அடுத்த வருசம் எயார் லங்கா என்ற பெயர் ஸ்ரீலங்கன் ஆனது. அந்த ஒப்பந்தம் முடிந்த கதைக்குள்ளும் லண்டன் விமானம்தான் இருக்கிறது. 2007 டிசம்பரில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் குழு லண்டனில் இருந்து திரும்ப சீட் கேட்டது. விமானம் நிரம்பியிருந்தது. காசு கொடுத்து ஏறும் 35 பயணிகளை இறக்க முடியாது என்று கம்பனி மறுத்தது. தலைமை நிர்வாகி பீட்டர் ஹில்லின் வேலை விசா பறிக்கப்பட்டது. 2008 மார்ச்சோடு எமிரேட்ஸ் நிர்வாகமும் முடிந்தது. 2010இல் அவர்களின் 43.63 வீதப் பங்கை 53 மில்லியன் டொலருக்கு அரசாங்கம் திரும்ப வாங்கியது.

அந்த 35 பேரில் யாராவது நம் ஊர்க்காரர் இருந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். டிசம்பர் மாதம், ஊருக்கு வரும் கூட்டம்.

காத்தான்குடி கணக்கன் | காத்தான்குடி

எமிரேட்ஸ் காலத்தில் இலாபம் காட்டினார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஐரோப்பாவுக்குப் போகும் ஆட்களை டுபாய் வழியாக இழுத்துக்கொண்டார்கள் என்ற குறையும் அப்போது இருந்தது. போட்டிக்காரனிடமே சாவியைக் கொடுத்தால் அப்படித்தான்.

வாவிக்கரையான் | மட்டக்களப்பு

கணக்கன் கேட்ட 'ஏன் நேராகப் பறக்க வேண்டும்' என்பதற்கு என் பதில் ஹீத்ரோ. அங்கே இரண்டே ஓடுபாதை. இறங்கும் நேரம், கிளம்பும் நேரம் எல்லாம் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டவை, ஸ்லொட் என்பார்கள். ஒரு பருவத்தில் பத்துக்கு எட்டுத் தடவையாவது அந்த நேரத்தைப் பாவிக்காவிட்டால் பறிபோய்விடும். போனால் திரும்பக் கிடைக்காது, கிடைத்தாலும் கோடிக்கணக்கில் விலை. 2016 கடைசியில் பாரிஸ், பிராங்பேர்ட் இரண்டையும் மூடினார்கள். ஐரோப்பாவில் மிஞ்சியது லண்டன் ஒன்றுதான். பெருமைக்காக மட்டும் வைத்திருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பாரிசையும் பிராங்பேர்ட்டையும் 2021இல் மறுபடி திறக்க முடிந்தது. ஹீத்ரோவை விட்டிருந்தால் அது நடந்திருக்காது.

பிரிட்டிஷ் எயார்வேஸையே பாருங்கள். 2013இல் கெட்விக்கில் இருந்து மாலைதீவு வழியாகக் கொழும்புக்கு வந்தார்கள். 2015இல் நிறுத்திவிட்டார்கள். நேர் விமானம் இல்லாமல், ஹீத்ரோவும் இல்லாமல், நம் ஆட்களைப் பிடிக்க முடியவில்லை.

காத்தான்குடி கணக்கன் | காத்தான்குடி

ஸ்லொட் நல்ல நியாயம், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஸ்லொட்டைக் காப்பாற்ற காலி விமானம் பறப்பதும் நட்டம்தானே? நான்கு என்ஜின் ஏ340ஐ வைத்துக்கொண்டு எண்ணெய் விலை ஏறிய காலத்தில் எவ்வளவு எரித்திருப்பார்கள் என்று யோசியுங்கள். 2014இல் இருந்து ஏ330-300 வந்தபிறகுதான் இரண்டு என்ஜினில் அதே தூரம். அதற்கு முன்னால் போன வருசங்களின் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏறாவூர் நானா | ஏறாவூர்

2022ஐ யாரும் பேசவில்லையே. நாட்டில் டொலர் இல்லை, கட்டுநாயக்கவில் விமான எண்ணெய் இல்லை. தூரப் பறப்பு விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி எண்ணெய் ஊற்றிக்கொண்டு போயின. நேர் விமானம் என்று டிக்கட் எடுத்தவர் இந்தியாவில் சன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தார். நாங்கள் இங்கே பெற்றோல் செட்டில் கியூ, ஆகாயத்திலும் கியூ!

பகிடிக்குச் சொன்னாலும் விசயம் இருக்கிறது. மகாதேவி காலத்தில் தொட்டுத் தொட்டுப் போனார்கள், அது விமானத்தின் கெதி. ட்ரைஸ்டார் டுபாயில் நின்றது வியாபாரத்துக்கு. 2022இல் நின்றது கையில் காசில்லாமல். ஒரு நாட்டின் நிலைமையை அதன் பிளேன் எங்கே இறங்குகிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம் போல.

கல்லடி மீன்மகள் | கல்லடி, இப்போது ஹரோ

அந்த வருசம் ஊருக்கு வந்தவர்கள் பெட்டி நிறையப் பனடோலும் பால்மாவும்தான் கொண்டுவந்தோம். முன்பு இங்கிருந்து ஊர்ச் சாமான் போகும், அந்த முறை தலைகீழ். சொக்லேட்டுக்கு இடமே இல்லை.

2020 மார்ச்சில் விமான நிலையம் மூடியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படிக்க வந்த பிள்ளைகளை விசேட விமானங்கள் லண்டனில் இருந்து ஏற்றிப்போயின. பிள்ளை கட்டுநாயக்கவில் இறங்கினாலும் வீட்டுக்குப் போக முடியாது, தனிமைப்படுத்தல் முகாம். மட்டக்களப்பில் தாய் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை வேறு மாவட்டத்தில் ஹோட்டல் அறைக்குள். அதையும் 'நிற்காமல் ஓடியது' கணக்கில் சேர்ப்பதா விடுவதா, வாவிக்கரையான் அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

வாவிக்கரையான் | மட்டக்களப்பு

சேர்க்கமாட்டேன், அட்டவணைப் பறப்பு வேறு, விசேட விமானம் வேறு. என் கணக்கில் 1953க்குப் பிறகு ஒன்று, எயார் சிலோன் படுத்து எயார் லங்கா எழும்பியபோது ஒன்று, 2020இல் ஒன்று. நின்று நின்று ஓடிய தடம். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருக்கு அது தேவைப்பட்டதால் திரும்ப ஓடியது. முதலில் மாணவரும் அதிகாரிகளும், அப்புறம் நானாவின் வாப்பா மாதிரி ஆட்கள், 83க்குப் பிறகு அகதியாகப் போனவர்களின் குடும்பங்கள்.

பழைய ஏஜன்சி | அரசடி

அகதியாகப் போனவர்கள் போகும்போது இந்த விமானத்தில் போகவில்லை தம்பி, அதையும் சொல்லுங்கள். மொஸ்கோ, பெர்லின் என்று எங்கெங்கோ சுற்றித்தான் போய்ச் சேர்ந்தார்கள். விசா கிடைத்து, வேலை கிடைத்து, தாய் தகப்பனுக்கு ஸ்பொன்சர் கடிதம் அனுப்பிய பிறகுதான் அவர்களின் ஆட்கள் எங்கள் கவுண்டருக்கு வந்து நேர் விமானத்துக்கு டிக்கட் கேட்டார்கள். அந்தத் தாய்மாரில் பலருக்கு ரயிலைத் தவிர வேறு பயணம் தெரியாது. பாஸ்போட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள்.

அக்கரைப்பற்றுத் தம்பி | அக்கரைப்பற்று

கடைசியாக ஒரு கேள்வி. 2018இல் மட்டக்களப்பு விமான நிலையம் சிவில் பறப்புக்குத் திறந்தது. 2019இல் பலாலிக்குச் சென்னை விமானம் வந்தது. 1947இல் டகோட்டா இறங்கிய அதே பக்கம்தான். மட்டக்களப்பில் இருந்து கட்டுநாயக்கவுக்கு ஒரு சின்ன விமானம், 503க்கு நேரம் பார்த்துப் போனால் எப்படி இருக்கும்?

காத்தான்குடி கணக்கன் | காத்தான்குடி

யார் ஏறுவது? குடும்பமாக வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு பெட்டி. சின்ன விமானத்தில் ஆளை ஏற்றினால் பெட்டி நிற்கும், பெட்டியை ஏற்றினால் ஆள் நிற்கும். வழியனுப்ப வரும் பத்துப் பேரை என்ன செய்வது? வானில் போனால் அவர்களும் வருவார்கள், திரும்பும்போது தம்புள்ளையில் மரக்கறியும் வாங்கிவரலாம்.

ஏறாவூர் நானா | ஏறாவூர்

மரக்கறிக் கணக்கையும் விடமாட்டார் இந்த மனிசன். தம்பி, கொழும்புக்குச் சின்ன விமானம் வேண்டாம். மட்டக்களப்பில் இருந்து நேராக டோஹாவுக்கு ஒன்று கேளும், அது நிரம்பும்.

பழைய ஏஜன்சி | அரசடி

அதற்கு ஓடுபாதையை நீட்ட வேண்டும், வாவி விடாது.

எயார் சிலோன் காலத்துச் சிவப்புக் கார்பன் டிக்கட் யார் வீட்டிலாவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். பெயரையும் பாஸ்போட் இலக்கத்தையும் மறைத்துப் போடவும். விசி10 காலமா டிசி-8 காலமா என்று பறப்பு இலக்கத்தையும் ஊர்களையும் பார்த்துச் சொல்கிறேன்.